பிரசவத்துக்குப் போய்க் கோட்டைகள் பார்த்தேன்

பிரசவம் பார்க்கப் போனவள், கோட்டைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். எப்படிச் சொன்னாலும் கேட்கிறவர்களுக்கு வேடிக்கையாகத்தான் இருக்கும். அதனால் ஊருக்கு வந்த பிறகு யாரிடமும் சொல்வதில்லை. "லண்டன் எப்படீங்க இருந்துச்சு?" என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். நான் போனது லண்டனுக்கே இல்லை. வேல்ஸ் என்கிற பகுதியின் வடக்குக் கடற்கரைக்கு. ஆனால் எங்கள் தெருவில், கடல் தாண்டிக் குளிராக இருக்கும் ஊரெல்லாம் லண்டன்தான். "நல்லா இருந்துச்சுங்க, குளிருதான்," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

பீளமேட்டில் ஒரு பொறியியல் கல்லூரியின் பெண்கள் விடுதியில் இருபத்திரண்டு வருஷம் வார்டனாக இருந்தேன். ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகிறது. கணவர் அதற்கு முன்பே போய்விட்டார். ஒரே மகள், நர்ஸ். கல்யாணமான மறு வருஷமே அந்தக் கடலோர ஊரின் மருத்துவமனைக்கு வேலைக்குப் போனாள். மாப்பிள்ளைக்குப் பெருந்துறை. அங்கே தொழிற்பேட்டையில் சூப்பர்வைசராக இருந்தவர், இப்போது அந்த ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் வயதானவர்களைக் குளிப்பாட்டி, ஊட்டிவிடும் வேலை பார்க்கிறார். அதைக் குறைவாக அவர் ஒரு நாளும் சொன்னதில்லை.

செய்தி வந்தபோது நான் ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும். "அத்தை," என்றார் மாப்பிள்ளை. அழுகிறாரோ என்று காதை அழுத்திக் கேட்டேன். மூச்சு மட்டும் கேட்டது.

"கொழந்தைக்குத் துடிப்பு நின்னுபோச்சுங்க அத்தை. நேத்தே சொல்லிப்போட்டாங்க. இப்பத்தான் பொறந்துச்சு. பொண்ணுங்க. இவ நல்லா இருக்கா. இவளுக்கு ஒண்ணுமில்ல."

"சரிங்க மாப்பிள்ளை," என்றேன்.

எட்டாம் மாதம் முடிய நாலு நாள் பாக்கி இருந்தது. காரணம் எதுவும் தெரியவில்லை என்று பிறகு சொன்னார்கள். எல்லாப் பரிசோதனையும் செய்து பார்த்தும் தெரியவில்லையாம்.

என் முறை வந்தது. கருவியில் விரலை வைத்தேன். ரேகை விழவில்லை. சேலையில் துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொன்னார் கடைக்காரர். விழுந்தது. சர்க்கரை, பருப்பு, பாமாயில் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். இப்போது நினைத்தால் எனக்கே என்னவோபோல் இருக்கிறது. அன்றைக்கு அப்படி ஒன்றும் தோன்றவில்லை. பருப்பை டப்பாவில் கொட்டி, பையை மடித்து வைத்தேன்.

என் விமானச் சீட்டு அதற்குப் பதினோரு நாள் கழித்து. "வரட்டுமா கண்ணு, வேண்டாமா?" என்று போனில் கேட்டேன். "டிக்கெட் போட்டாச்சில்ல, வா," என்றாள் மகள். அவ்வளவுதான் பேசினோம்.

பெட்டியை ஏற்கனவே கட்டி வைத்திருந்தேன். திறந்து, பழைய வேட்டியைக் கிழித்துத் தைத்த துணிகளையும் தொட்டில் சேலையையும் எடுத்துக் கட்டில்மேல் வைத்தேன். பெட்டி பாதி காலியாகிவிட்டது. அந்த இடத்தில் மல்லித்தூள், நல்லெண்ணெய், வறுத்த அரிசிமாவு என்று கையில் கிடைத்ததை அடைத்தேன். கிளம்புகிற அன்று காலை பூ மார்க்கெட்டுக்குப் போய் நாலு முழம் மல்லிகைப்பூ வாங்கினேன். மல்லிகையை மார்பில் வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்பார்கள். வாழை இலையில் சுருட்டிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். என் வீட்டிலிருந்து விமான நிலையத்துக்கு ஆட்டோவில் பத்து நிமிஷம். அந்தப் பூவோடு இரண்டு விமானம் மாறி, மான்செஸ்டரில் இறங்கினேன்.

வீட்டுக்குப் போய்ப் பொட்டலத்தைப் பிரித்தபோது பூ கறுத்துக் கூழாகியிருந்தது. மகள் எட்டிப் பார்த்தாள். "அதுக்கு மாத்திரை குடுத்துட்டாங்கம்மா. பத்து நாளாச்சு," என்றாள். இலையோடு சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். எந்த நிறத் தொட்டியில் போட வேண்டும் என்று அவள்தான் காட்டினாள்.

அன்றைக்கே அவளைக் கட்டிலில் உட்காரவைத்துச் சொன்னேன். "உடு கண்ணு. அது நமக்குக் குடுத்து வெக்கல. ஒடம்பத் தேத்திக்க. அடுத்த வருசமே இன்னொண்ணு பெத்துக்கலாம்." விடுதியில் பரீட்சையில் தோற்ற பெண்களுக்கும், காதல் முறிந்த பெண்களுக்கும், அப்பா செத்த செய்தி வந்த பெண்களுக்கும் நான் இப்படித்தான் சொல்வேன். உடு, அடுத்ததைப் பாரு. அவர்கள் மூக்கைச் சிந்திவிட்டு எழுந்து போவார்கள். மகள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "ஃப்ளைட்ல சாப்பிட்டியாம்மா?" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் என்னோடு சண்டை போடவில்லை. பேசாமலும் இருக்கவில்லை. ஹீட்டரை எப்படித் திருப்புவது, எந்தக் குழாயில் தண்ணீர் கொதிக்கும், எதில் குளிரும் என்பதையெல்லாம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை.

எனக்கு ஒதுக்கியது குழந்தைக்கென்று வைத்திருந்த அறை. தொட்டில்கட்டிலைக் கழற்றி அலமாரிக்குப் பின்னால் செருகியிருந்தார்கள். அதன் திருகாணிகளை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டையோடு டேப் ஒட்டியிருந்தார் மாப்பிள்ளை. நான் அந்தப் பக்கம் முதுகைக் காட்டிப் படுப்பேன். அழுகை வருமென்று பார்த்தேன். வரவில்லை. கால் மரத்துப்போனால் தட்டிப் பார்ப்போமே, அந்த மாதிரி அவ்வப்போது மனதைத் தட்டிப் பார்த்துக்கொள்வேன். யாருடைய காலோ என்பதுபோல் இருக்கும்.

நான் போன மூன்றாம் வாரம் மகள் பால் வாங்கக் கடைக்குப் போனாள். கல்லாவில் இருந்த பெண் அவள் வயிற்றைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஏதோ கேட்டிருக்கிறாள். மகள் பாலை அங்கேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்தாள். குளிர்ச்சட்டையைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்தாள். அன்று சாயங்காலம் மாப்பிள்ளை வேலையிலிருந்து வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, தேநீர் குடித்துக்கொண்டே சொன்னார். "நாளைக்கு எனக்கு லீவுங்க அத்தை. கோட்டைக்குப் போலாமுங்களா? இந்தப் பக்கம் பூராக் கோட்டைதான். எல்லாத்துக்கும் சேத்து வருசக் கார்டு வாங்கி வெச்சிருக்கேன்."

கார்டை எப்போது வாங்கினார், யாரை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போவதற்காக வாங்கினார் என்று நான் கேட்கவில்லை.

"பச்சை ஒடம்புங்க மாப்பிள்ளை. காத்து ஆகாது," என்றேன்.

"நான் வாரேன்," என்றாள் மகள்.

முதலில் போனது கான்வி என்கிற ஊரின் கோட்டை. காதில் பஞ்சு வைத்துத் தலையில் மப்ளர் சுற்றித்தான் அவளைக் காரில் ஏற்றினேன். நான் சேலைக்குமேல் மாப்பிள்ளையின் பழைய ஜாக்கெட், காலில் சாக்ஸும் செருப்பும். சாலையில் வெள்ளைப் பெயிண்டில் ஏதோ பெரிதாக எழுதியிருந்தது. ஆங்கிலமாக இல்லை. "இந்த ஊர் பாஷைம்மா. மெதுவாப் போன்னு அர்த்தம்," என்றாள். பலகைகளிலெல்லாம் அவர்கள் பாஷை மேலே, ஆங்கிலம் கீழே.

கோட்டை என்றால் நான் சங்ககிரியைத்தான் நினைத்தேன். அதையும் சேலம் பஸ்ஸில் போகும்போது கீழிருந்து பார்த்ததோடு சரி. மாப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஏறியிருக்கிறாராம். இது வேறு மாதிரி. ஊருக்கு நடுவிலேயே நிற்கிறது. எட்டுப் பெரிய கோபுரங்கள். கூரை ஒன்றுக்கும் இல்லை. உள்ளே எட்டிப் பார்த்தால் தரைப்பலகைகளும் இல்லை. நாலு மாடி உயரத்துக்கு வெறும் குழாய்போல நிற்கிறது. சுவரின் பாதி உயரத்தில் ஒரு கணப்பு அடுப்பு தொங்குகிறது, அதற்குக் கீழே நிற்க இடம் கிடையாது. புறாக்கள் உள்ளே பறந்துகொண்டிருந்தன.

எனக்கு வரலாறு தெரியாது. எதைப் பார்த்தாலும் விடுதியாகத்தான் பார்ப்பேன். வாசல் ஒன்றா இரண்டா, பூட்டு எங்கே, சமையல்கட்டு எவ்வளவு தூரம், கிணறு உள்ளேயா வெளியேயா, கக்கூஸ் எத்தனை. சுவரிலிருந்து வெளியே நீட்டிக் கட்டியிருந்தார்கள் கக்கூஸை. இந்தக் கோபுரத்தில் எத்தனை பிள்ளைகளைப் படுக்கவைக்கலாம் என்று மனம் தானாகக் கணக்குப் போட்டது. மாப்பிள்ளை ஒரு பலகை விடாமல் படித்தார். படித்ததை எனக்குச் சொன்னார். யாரோ ஒரு ராஜா, பக்கத்து நாட்டைப் பிடித்துக்கொண்டு, அந்த ஜனங்கள் எழுந்திருக்கக் கூடாது என்று கடலோரம் முழுக்க இப்படிக் கட்டிவைத்தானாம். "அப்படீங்களா," என்றேன்.

கோபுரத்துக்குள் சுருள் படி. இருட்டு, ஈரம், ஒரு ஆள் போகிற அகலம். பிடித்துக்கொள்ளச் சுவரோரம் ஒரு கயிறு. மகள் முன்னால் ஏறினாள். நான் அவள் குதிகாலைப் பார்த்துக்கொண்டே பின்னால் ஏறினேன். விழுந்தால் என்மேல் விழட்டும் என்று. பாதியில் நின்று மூச்சு வாங்கினாள். "எறங்கிறலாம் அம்மணி," என்றேன். அவள் மேலே ஏறினாள். உச்சியில் காற்று அடித்த அடியில் கண்ணில் நீர் கட்டியது. கீழே முகத்துவாரத்தில் படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன. கோட்டைச் சுவரை ஒட்டியே ஒரு ரயில் போனது. மூன்று பேரும் அதையே பார்த்தோம். இறங்கி வந்து காரில் உட்கார்ந்து, கொண்டுபோன புளிச்சாதத்தைச் சாப்பிட்டோம்.

அப்படித்தான் ஆரம்பித்தது. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கிற நாளெல்லாம் ஒரு கோட்டை. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மேட்டில் ஒன்று, அதன் வாசலில் இரண்டு கோபுரங்கள் மட்டும்தான் உருப்படியாக நின்றன. பாலத்தைத் தாண்டித் தீவில் பியூமாரிஸ் என்று ஒன்று. அதைச் சுற்றி அகழி, அகழியில் அன்னங்கள். "முடிக்கவே இல்லீங்களாம் அத்தை. பாதியிலயே உட்டுட்டாங்களாம்," என்றார் மாப்பிள்ளை. சொல்லிவிட்டு மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் அன்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அவர் அந்தப் பலகையைப் படிப்பதை நிறுத்திவிட்டுக் கார் சாவியை விரலில் சுற்ற ஆரம்பித்தார்.

கோட்டையில் ஒரு வசதி, யாரும் யாரையும் பார்க்க வேண்டியதில்லை. சுவரைப் பார்க்கலாம். வீட்டில் அப்படி முடிவதில்லை.

ஐந்தாம் வாரம் கார்னார்வன் போனோம். அதுதான் எல்லாவற்றிலும் பெரியது. ஆறும் கடலும் சேருகிற இடத்தில், பல பட்டைகளாகச் செதுக்கின கோபுரங்கள், சுவரில் வெளிர்க்கல்லும் கருங்கல்லுமாக வரி வரியாக ஓடுகிறது. மழை தூறிக்கொண்டிருந்தது. கூட்டமே இல்லை. பெரிய கோபுரத்துக்குள் ஒதுங்கினோம். அங்கே கோட்டையின் ஊழியர் ஒரு அம்மாள் நின்றிருந்தார். அறுபது வயதிருக்கும், என் வயது. நரைத்த முடியைக் குட்டையாக வெட்டி, சீருடைமேல் மழைச்சட்டை போட்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அவராகவே வந்து பேச ஆரம்பித்தார்.

எனக்கு ஆங்கிலம் தெரியும். விடுதிப் பதிவேடு முழுக்க ஆங்கிலத்தில்தான் எழுதுவேன். ஆனால் அந்த ஊர்க்காரர்கள் பேசுவது பாட்டுபோல இழுத்து இழுத்து வருவதால் பாதிதான் பிடிபடும். மகள் மெதுவாகத் தமிழில் சொன்னாள். "கோட்டை கட்டிட்டிருக்கும்போதே ராஜா ராணியக் கூட்டிட்டு வந்துட்டானாம்மா. நெறமாசம். இங்கதான் பெத்தாளாம். இந்தக் கோபுரத்துல ஒரு சின்ன ரூம் இருக்காம், அதுலன்னு சொல்றாங்க. ஆனா அது நெசமில்லையாம், அப்ப இந்தக் கோபுரமே எழும்பியிருக்காதுன்னு சொல்றாங்க."

குரலில் ஒன்றும் தெரியவில்லை. மருந்துச் சீட்டை வாசிக்கிற மாதிரி சொன்னாள். மாப்பிள்ளை, "போலாமா?" என்றார். அவள் நகரவில்லை. அந்த அம்மாளிடம் ஏதோ கேட்டாள். அவர் பதில் சொன்னார். மகள் என் பக்கம் திரும்பினாள். "அந்த ராணிக்குப் பதினஞ்சு பதினாறு பொறந்துச்சாம். பாதிக்கு மேல தங்கலையாம். சிலதுக்குப் பேரு என்னன்னுகூட யாருக்கும் தெரியலையாம்."

அந்த அம்மாள் கதை சொல்கிற உற்சாகத்தில் இருந்தார். சிரித்துக்கொண்டே மகளிடம் கேட்டார். இது எனக்கே புரிந்தது. உங்களுக்குப் பிள்ளைகள் உண்டா?

"இருக்கா. ஒரு பொண்ணு," என்றாள் மகள், ஆங்கிலத்தில்.

"எத்தனை வயசு?"

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். மழை வாசற்படிக் கல்லில் விழுகிற சத்தம் கேட்டது.

"இறந்துட்டா. ஏழு வாரம் ஆச்சு. இறந்துதான் பிறந்தா."

அந்த அம்மாளின் சிரிப்பு மெதுவாக அடங்கியது. நான் அவரைக் கவனித்தேன். இப்போது ஏதாவது சொல்வார், கடவுளைச் சொல்வார், காலத்தைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். அவர் கையிலிருந்த காகிதங்களைப் பைக்குள் வைத்துவிட்டுக் கேட்டார்.

"அவ பேரு என்ன?"

மகள் ஒரு பெயரைச் சொன்னாள்.

அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அது அவர்களுடையது. இரண்டே எழுத்துத் தமிழ்ப் பெயர். அந்த அம்மாள் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். ஓர் எழுத்து அவர் நாக்கில் வேறு மாதிரி வந்தது. மகள் திருத்தினாள். அவர் மறுபடி சொன்னார். இந்தத் தடவை சரியாக வந்தது. "அழகான பேரு," என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. மகளின் தோளைத் தொட்டுவிட்டு, மழை விடுகிறவரை எங்கள்கூடவே நின்றார்.

காருக்கு வந்து, மாப்பிள்ளை பார்க்கிங் இயந்திரத்துக்குப் போயிருந்தபோது கேட்டேன். "பேரு வச்சிருக்கீங்கன்னு எங்கிட்டச் சொல்லவே இல்லியே கண்ணு."

அவள் முன் இருக்கையில் இருந்தாள். திரும்பவில்லை.

"நீ கேக்கலியேம்மா."

சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டே, "நீ 'அது'ன்ன," என்றாள். "வந்த அன்னைக்கு. அது நமக்குக் குடுத்து வெக்கலன்ன. அந்தம்மா 'அவ'ங்கறாங்க."

மாப்பிள்ளை வந்து கதவைத் திறந்தார். எனக்கு என்ன தோன்றியது என்று எழுதலாமென்று பார்க்கிறேன். வெட்கமா, வருத்தமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கன்னத்தில் அறை விழுந்து, வலி இன்னும் வந்து சேராமல் இருக்கிற ஒரு நொடி உண்டே, அதிலேயே உட்கார்ந்திருந்தேன். வீடு வருகிறவரை அப்படியே இருந்தது. வீட்டுக்கு வந்து அரிசி களைந்தேன்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் நானாகக் கேட்டேன். "அவளை எங்க வச்சிருக்கீங்க?" அந்த 'அவளை' என் வாயிலிருந்து சுலபமாக வரவில்லை. மகள் தோசையைத் தட்டில் போட்டுவிட்டு, "மேல, மலைமேல. பஸ்ல போலாம்," என்றாள்.

ஊருக்கு மேலே, கடலைப் பார்த்த சரிவில் கல்லறைத் தோட்டம். ஓரமாகக் குழந்தைகளுக்கென்று தனி இடம். குட்டிக் குட்டி மேடுகள். காகிதக் காற்றாடிகளும் பொம்மைகளும் மழையில் நனைந்த கரடிகளும். எங்களுடையதில் ஒரு மரச் சிலுவை, அதில் சின்னத் தகடு. கல் இன்னும் செதுக்கி வரவில்லையாம். தகட்டில் பெயரும், ஒரே ஒரு தேதியும். இரண்டு தேதி போட இடம் விட்டிருப்பார்கள் என்று என் கண் தானாகத் தேடியது.

மகள் குனிந்து புல்லைக் கொஞ்சம் பிய்த்தாள். நான் செபமாலையை எடுத்தேன். பத்து மணிகளை உருட்டிச் செபம் சொல்லி முடித்தேன். உதடுதான் சொன்னது. அவள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். காற்றாடிகளெல்லாம் ஒரே பக்கம் சுற்றின. பிறகு, அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்தோம். நாற்பது நிமிஷம் இருந்தது. தோட்ட வாசலில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தோம். அங்கேதான் போனில் படத்தைக் காட்டினாள். ஆஸ்பத்திரியில் எடுத்துக் கொடுத்தது. வெள்ளைத் துணியில், கண் மூடி. தலை நிறைய முடி. காது அப்படியே என் கணவருடைய காது, மேல்மடல் கொஞ்சம் கூர்ந்து. அதைச் சொன்னேன்.

"அப்பா காதா?" என்று போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். "ஆமா," என்றாள். நான் அங்கே போனதிலிருந்து அவள் முகம் அசைந்து பார்த்தது அப்போதுதான்.

நான் கிளம்புவதற்கு முந்தின சனிக்கிழமை ஹார்லெக் போனோம். அதுதான் நான் பார்த்த கடைசிக் கோட்டை. செங்குத்தான பாறைமேல் நிற்கிறது. கட்டிய காலத்தில் கடல் அந்தப் பாறையின் அடி வரைக்கும் வந்ததாம். கப்பலில் வந்த சாமான்களைக் கீழேயிருந்து படிவழியாக மேலே ஏற்றுவார்களாம். இப்போது கீழே வீடுகளும் வயலும் மணல்மேடும். கடல் அதற்கெல்லாம் அப்பால் ஒரு கோடாகக் கிடக்கிறது. மாப்பிள்ளை அந்தப் படிகளை இறங்கிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனார். எனக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. நானும் மகளும் உள்முற்றத்துப் புல்லில், சுவர் மறைவில் உட்கார்ந்தோம்.

காற்றில் அவள் முடி அவிழ்ந்து முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. "திரும்பி உக்காரு," என்றேன். கைப்பையில் சீப்பு இருந்தது. பிள்ளை பெற்றவளுக்கு முடி கொட்டும். சீப்பில் கொத்துக் கொத்தாக வந்தது. அவள் பார்க்காமல் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். பின்னிக்கொண்டிருக்கும்போது, முன்னால் தெரிந்த சுவரிடம் சொல்வதுபோல் அவள் சொன்னாள்.

"பதினாலு மணி நேரம்மா. துடிப்பு இல்லைன்னு தெரிஞ்ச அப்புறம். ஊசி போட்டு வலி வர வெச்சாங்க."

நான் பின்னுவதை நிறுத்தவில்லை.

"நான் நெனச்சேன், உசுரில்லைன்னா வலி கொறைவா இருக்கும்னு. நர்ஸா இருந்துட்டு எனக்கே தெரியல. அதே வலிதாம்மா. கொஞ்சங்கூடக் கொறைக்கல."

"ம்."

"பொறந்த ஒடனே ரூமே அமைதியா இருந்துச்சு. நான் எத்தனை பிரசவத்துல நின்னுருக்கேன். சத்தம் வர்றதுக்கு எல்லாரும் காத்துட்டு இருப்போம். அன்னைக்கு யாரும் காத்துட்டு இல்ல."

இருபத்திரண்டு வருஷம் எல்லாவற்றுக்கும் ஒரு வார்த்தை வைத்திருந்த நான் பின்னலின் நுனியை ரப்பர் பேண்டால் கட்டினேன். "ஒண்ணும் சொல்லாத," என்றாள் அவள். "சரி கண்ணு," என்றேன். மாப்பிள்ளை மேல் மூச்சு கீழ் மூச்சு வாங்க வந்து, "நூறு படிக்கு மேல இருக்குமுங்க அத்தை. நல்லவேளை நீங்க வரல," என்றார். அவர் கையில் மூன்று ஐஸ்கிரீம். அந்தக் குளிரில் மூன்று பேரும் தின்றோம்.

ஊருக்கு வந்து ஒரு மாதத்துக்குமேல் நான் எங்கும் போகவில்லை. கட்டிலில் வைத்துவிட்டுப் போன துணிகளை மடித்துப் பீரோவில் வைத்தேன். பிறகு ஒரு நாள் பங்குக் கோயில் அலுவலகத்துக்குப் போய், ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் இறந்தவருக்காகப் பெயர் வாசித்து வேண்டிக்கொள்ள ஒரு கருத்து வைக்க வேண்டும் என்றேன். அங்கே எழுதுகிறவர் என்னை நெடுநாளாகத் தெரிந்தவர். என் கணவருக்கு வருஷா வருஷம் எழுதிக்கொடுப்பவர்.

"வருசம் இன்னும் வரலீங்களே டீச்சர்?" என்றார். விடுதி வார்டனையும் எங்கள் பக்கம் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அவருக்கு இல்லீங்க. பேத்திக்கு."

அவர் பேனாவை எடுத்தவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு நோட்டில் கோடு பார்த்து, "பேருங்க?" என்றார்.

சொன்னேன். நான் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அங்கே, அவர்கள் முன்னால்கூடச் சொன்னதில்லை.

"வயசுங்க?"

"வயசு இல்லீங்க."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும், "ஞானஸ்நானம்..." என்று ஆரம்பித்தார். "இல்லீங்க," என்றேன். பேனா தாளுக்குமேல் நின்றது. உள்ளே பங்குச் சாமியாரிடம் கேட்டுவிட்டு வரப் போகிறார் என்று நினைத்தேன். அவர் போகவில்லை. பெயரை எழுதினார். வயது என்ற இடத்தில் ஒரு சின்னக் கோடு போட்டார். "ஞாயித்துக்கெழம ரெண்டாம் பூசைல வாசிச்சுருவாங்க டீச்சர்," என்றார்.

வாசித்தார்கள். ஏழெட்டுப் பெயர்கள். முன்னால் ஒரு தாத்தா, பின்னால் விபத்தில் போன யாரோ ஒருவர். நடுவில் அவள் பெயர். வாசித்த பெண் அவசரமாக வாசித்தாள். காதில் விழுந்தது. ஏதாவது ஆகுமா என்று காத்திருந்தேன். ஆகவில்லை. எல்லோரும் எழுந்து நின்றார்கள், நானும் நின்றேன்.

அன்று மத்தியானம் மகள் அழைத்தாள். வேலைக்குத் திரும்பி நாலு நாள் ஆகியிருந்தது. பிரசவ வார்டு வேண்டாமென்று எழுதிக்கொடுத்து, வயதானவர்கள் வார்டில் போட்டிருந்தார்கள். பஸ் நிறுத்தத்தில் நின்று பேசினாள். பின்னால் கடற்பறவைகள் கத்துவது கேட்டது. சாப்பிட்டாயா என்று கேட்டேன். சாப்பிட்டாளாம். பிறகு சொன்னேன், இன்றைக்குப் பூசையில் அவள் பெயரை வாசித்தார்கள் என்று.

"மைக்குலயாம்மா?"

"மைக்குலதான்."

"கோயில்ல ஆள் இருந்துச்சா?"

"ரெண்டாம் பூசையாச்சே. நெறைய ஆளு."

"எல்லாருக்கும் கேட்டிருக்குமா?"

"கேட்டிருக்கும் கண்ணு. வெளிய நின்னவங்களுக்கும் கேட்டிருக்கும்."

"சரி," என்றாள். அதற்குள் பஸ் வந்துவிட்டது. வைக்கிறேன் என்றாள்.